வெயிலை உகந்தவர் யார்?

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது உப்பூர். பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்கும் அவ்வூரில் நாடறிந்த கோயில் ஒன்றுண்டு. வெயிலுகந்த விநாயகர் கோயில் என்பது அதன் பெயர். அக்கோயிற் கருவறைக்கு மேற்கூரை இல்லை. கதிரவன் அவ்விடத்து வந்து பிள்ளையாரை வணங்கினான் என்றும், அவன் கதிர்கள் தம்மீது நேரே படுதலையே பிள்ளையார் விரும்பினார் என்றும் ஊர்க்கதை கூறும். வெயிலை உகந்து ஏற்றமையால் அவர் வெயிலுகந்தவர் ஆயினார்.

அதே கடற்கரையில் கூரையின்றி வெயிலில் நிற்போர் வேறு சிலரும் உளர். உப்பூர், திருப்பாலைக்குடி, கோப்பேரிமடம் எனக் கடலோரமாக நீளும் உப்பளங்களில் பாத்தி மிதித்தும், உப்பு வாரியும், வாரிய உப்பைச் சுமந்து அம்பாரமாகக் குவித்தும் உழைக்கும் ஆடவரும் பெண்டிருமே அவர்கள். சித்திரை வைகாசி வெயில் தலைமேல் எரிக்கும். வெண்மையான உப்பிற் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து கண்ணை எரிக்கும். உவர்நீர் காலின் வெடிப்புகளில் ஏறி எரிக்கும். சாலையில் பேருந்திற் செல்வோர் இக்காட்சியைக் காணாதவர் அல்லர். கண்டு, ஒரு சொல்லும் சொல்வர். "அவர்களுக்கு வெயில் பழகிப்போயிற்று" என்பதே அச்சொல்.

இச்சொல்லைச் சொல்வோர் கொடியவர் அல்லர். அவருள் ஈகையுடையோர் உளர். கோயிற்குக் கொடுப்போர் உளர். பிறர் துன்பம் கண்டு கண்கலங்குவோரும் உளர். ஆயினும் அச்சொல் ஒரு பெருவேலையைச் செய்து முடிக்கின்றது. வெயிலில் நிற்பவனுக்கும் நிழலில் இருப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை, கூலிக்கும் ஊதியத்திற்கும் உள்ள வேறுபாடாக அன்றி, உடம்புக்கும் உடம்புக்கும் உள்ள வேறுபாடாக அது மாற்றிவிடுகின்றது. பிள்ளையார் வெயிலை உகந்தது போலவே உப்பளத்தாரும் உகந்தனர் என்று ஆகிவிடுகின்றது. உகந்து நிற்பவனுக்கு நிழல் எதற்கு? பழகிப்போனவனுக்கு ஊதிய உயர்வு எதற்கு?

பொருளியல் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நிலத்தையும் பணத்தையும் எண்ணிப் பேசுவர். அவ்வெண்ணிக்கை வேண்டியதே. ஆயினும் ஏற்றத்தாழ்வு இருத்தல் வேறு. அஃது ஏற்றத்தாழ்வாகக் கண்ணுக்குத் தெரிதல் வேறு. முன்னதை உண்டாக்குவன உடைமையும் சட்டமும் ஆகும். பின்னதை உண்டாக்குவதும் மறைப்பதும் பண்பாடே. ஒரு குமுகாயம் தன் மக்களுக்கு ஊட்டிய கதைகள், பழமொழிகள், முறைப்பெயர்கள், வழிபாடுகள் ஆகியவற்றின் ஊடாகவே அம்மக்கள் செல்வத்தையும் வறுமையையும் காண்கின்றனர்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்க நாட்டில் நார்ட்டன், ஏரிலி என்னும் அறிஞர் இருவர் 5,500 பேருக்கு மேற்பட்டோரை உசாவி 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நாட்டு மக்களை ஐந்து கூறாகப் பகுத்தால், மேலுள்ள ஒரு கூற்றினர் நாட்டின் மொத்தச் செல்வத்தில் எவ்வளவு வைத்திருக்கின்றனர் என்று கேட்டனர். நூற்றுக்கு 59 பங்கு என்பது மக்கள் கருத்தாக இருந்தது. உண்மை நிலையோ ஏறத்தாழ 84 பங்கு. எவ்வளவு இருத்தல் தகும் என்று கேட்டபோது, 32 பங்கு என்றனர். எழுத்தறிவும் செய்தித்தாளும் நிறைந்த ஒரு நாட்டில் மக்கள் தம் நாட்டின் நிலையை இவ்வளவு தவறாகக் கண்டது எதனால்? உழைப்பவன் எவனும் உயரலாம் என்னும் கதையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தமை அதற்கொரு பெருங்கரணியம் எனலாம். அவர்க்கு அக்கதை, தமிழர்க்குத் தலையெழுத்து என்னும் கதை. கதைகள் வேறு, கண்ணை மறைக்கும் திரை ஒன்றே.

உப்பிட்டவர் யார்?

திரை எவ்வாறு நெய்யப்படுகின்றது என்பதை உப்பைக் கொண்டே காணலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழகத்தில் அறியாதார் இல்லாத பழமொழி. நன்றி மறவாமை என்னும் உயர்ந்த அறத்தை அது கற்பிக்கின்றது. ஆனால் உப்பிட்டவர் என்ற அளவில் தமிழர் நெஞ்சில் எழும் உருவம் யாருடையது? சோறு போட்டவர், வேலை கொடுத்தவர், நிலம் உடையவர், பணம் உடையவர் ஆகியோர் உருவமே எழுகின்றது. அவர் உப்பைத் தின்றுவிட்டு அவர்க்கே எதிராக வாய் திறப்பதா என்று உழைப்பாளி நாணுகின்றான். நாணாவிடின் ஊரார் நாணச் செய்கின்றனர்.

உண்மையில் உப்பை இட்டவர் யார்? ஓர் இலிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம். உண்ணும் உப்பு அதில் 27 கிராம் அளவே. ஒரு கிலோ உப்பு வேண்டுமாயின் ஏறத்தாழ 40 இலிட்டர் கடல்நீர் வற்றியாதல் வேண்டும். அந்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் வரையில் வெயிலில் வைத்துக் காத்து, சுண்ணச் சேர்மங்கள் முன்னரே படிந்து நீங்கும்படி பார்த்து, உப்புப் பூக்கும் பதம் அறிந்து, கசப்பு நீர் கலவாமல் வாரி எடுத்தல் வேண்டும். இப்பதம் அறிந்தவன் கற்றவனே. அவன் கல்வி கண்ணிலும் காலிலும் தோலிலும் உள்ளது. தமிழ்நாட்டில் சோறுண்ணும் ஒவ்வொருவர்க்கும் உப்பிட்டவன் அவனே. பழமொழியின் சொற்படி உள்ளளவும் நினைக்கத் தக்கவன் அவனே. ஆயினும் அப்பழமொழியைக் கூறி அவனையே நன்றியுடன் இருக்குமாறு ஊர் கேட்கின்றது. உப்பிட்டவன் உப்புத் தின்றவனாக மாறியதும், உப்புத் தின்றவன் உப்பிட்டவனாக மாறியதும் பண்பாட்டின் கண்கட்டு அன்றோ?

சொற்களுள் நுழைந்து பார்த்தால் இக்கண்கட்டு இன்னும் தெற்றெனப் புலனாகும். சம்பளம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. நெல்லைக் குறிக்கும் சம்பு என்பதும் உப்பைக் குறிக்கும் அளம் என்பதும் இணைந்து சம்பளம் ஆயிற்று என்பது மொழிஞாயிறு பாவாணர் காட்டிய விளக்கம். நெல்லும் உப்பும் உழைப்பின் ஈடாக அளக்கப்பட்ட காலத்தின் நினைவு அச்சொல்லில் உறைகின்றது. கழகச் செய்யுள்களிலும் உமணர் குடிப் பெண் நெல்லுக்கு நேராக உப்பை மாற்றித் தெருவில் கூவிச் செல்லும் காட்சி உண்டு. மாற்று என்பது இருவர் ஒத்த நிலையில் நின்று செய்வது. அங்கே கொடுப்பவன் மேல், பெறுபவன் கீழ் என்பதில்லை.

பின்னர் வந்த சொல்லோ படியளத்தல். நெல்லை அளந்த செயல் ஒன்றே. ஆயினும் சொல் மாறியதும் நோக்கு மாறிற்று. உழைப்பின் ஈடாக இருந்தது கருணையின் பேறாக ஆயிற்று. இறைவன் உயிர்கட்குப் படியளக்கின்றான் என்று கூறிய வாயே, பண்ணையார் படியளக்கின்றார் என்றும் கூறிற்று. இறைவனிடம் கணக்குக் கேட்பார் உண்டோ? அதனால் பண்ணையாரிடமும் கணக்குக் கேட்பார் இல்லையாயினர்.

கூலி என்னும் சொல்லின் வீழ்ச்சி இதனினும் இரங்கத் தக்கது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், தெய்வத்தால் ஆகாததாயினும் முயற்சியானது உடம்பு வருந்திய அளவுக்குப் பயன் தரும் என்று உரைக்குமிடத்து அப்பயனைக் கூலி என்றே குறித்தார். அங்கே கூலியைத் தருவது ஆண்டை அன்று; முயற்சியே தருகின்றது. அத்துணை மேன்மையுற்ற சொல் இன்று கூலிக்காரன் என்னும் இழிசொல்லாகத் தேய்ந்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும், மலேயாவின் இரப்பர்த் தோட்டத்திற்கும், நேட்டாலின் கரும்புக் கொல்லைக்கும் தமிழர் கப்பலேற்றப்பட்ட காலத்தில் அச்சொல் அவர்கள் முதுகில் குத்திய முத்திரையாயிற்று. சொல் தேய்ந்தது, சொல்லுக்குரியவன் மதிப்பும் உடன் தேய்ந்தது.

எசமான் என்பதோ வடமொழி வழி வந்தது. வேள்விக்குப் பொருள் தந்து, பிறரைக் கொண்டு அதனைச் செய்வித்து, அதன் பயனை மட்டும் தனக்கு ஆக்கிக்கொள்பவன் என்பது அதன் முதற்பொருள். உழைப்பு ஒருவருடையது, பயன் மற்றொருவருடையது என்னும் முறைக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைப்பது அரிது. அப்பெயரைத் தமிழ் உழைப்பாளி தன் வாயாலேயே நாள்தோறும் சொல்லுமாறு ஆயிற்று.

எட்டும் பதினொன்றும்

பண்பாட்டுத் திரை தானே தொங்குவது போலத் தோன்றும். அதனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கைகள் உண்டு என்பதை இராமநாதபுரம் மாவட்டத்தின் வரலாறே காட்டியுள்ளது.

1930-ஆம் ஆண்டு தமிழகக் கடற்கரையில் உப்பு ஒரு பெருங்கிளர்ச்சிக்குக் கரணியம் ஆயிற்று. ஏப்பிரல் 13-இல் இராசாசி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சியினின்று புறப்பட்டுத் திருமறைக்காட்டுக்கு நடந்தனர். ஏப்பிரல் 30-இல் ஆங்கில அரசின் உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுத்துச் சிறை புகுந்தனர். இயற்கை தந்த உப்பிற்கு அயலான் வரி விதிப்பது அறமன்று என்பதைத் தமிழ்மக்கள் அன்று தெளிவாகக் கண்டனர். வரி என்னும் ஏற்றத்தாழ்வு அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. புலப்பட்டமையால் எதிர்த்தனர்.

அதே 1930-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் அடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் வேறொரு செயல் நடந்தது. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த அட்டன் என்னும் ஆங்கிலேயர், இந்தியச் சாதிமுறை பற்றி 1946-இல் வெளியிட்ட நூலில் அதனைப் பதிந்து வைத்துள்ளார். ஆதிக்கம் செலுத்திய நாட்டார், ஆதித்திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தலாகாது. சட்டை அணியலாகாது. முடி வெட்டி ஒப்பனை செய்யலாகாது. வீட்டில் மட்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது. பெண்டிர் மார்பை மறைத்து ஆடை உடுத்தலாகாது. பூவும் மஞ்சளும் கூடா. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலில் செருப்பும் கூடாது. தடையை மீறினோர் குடிசைகள் எரியுண்டன. தவசக் குதிர்கள் அழிந்தன. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

எட்டையும் ஊன்றி நோக்குக. நிலம் பற்றி ஒரு சொல் இல்லை. கூலி பற்றி ஒரு சொல் இல்லை. யாவும் கண்ணுக்குத் தெரிவன பற்றியவை. உடை, கலம், பூ, குடை, செருப்பு என்பனவே. தாழ்த்தப்பட்டவன் தாழ்ந்தவனாகவே காட்சி தர வேண்டும் என்பதில் அத்துணை அக்கறை ஏன்? காட்சி மாறின் எண்ணம் மாறும். எண்ணம் மாறின் கூலியும் மாறும் என்பதை ஆதிக்கம் செய்தோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதே விடை.

அவ்வச்சம் வெறும் அச்சம் அன்று என்பதை அடுத்த ஆண்டு காட்டிற்று. எட்டுத் தடைகளும் போதாமற் போகவே, 1931 சூன் திங்களில் பதினொரு தடைகள் பிறந்தன. அவற்றுள்தான் பொருளியல் வெளிப்பட்டது. ஆதித்திராவிடப் பிள்ளைகள் எழுத்தறிதல் கூடாது. மாடு மேய்த்தலே அவர் தொழில். வாரத்திற்கோ குத்தகைக்கோ நிலம் உழலாகாது. சொந்த நிலம் இருப்பின் நிலக்கிழார்க்குக் குறைந்த விலையில் விற்றுவிடல் வேண்டும். விற்காவிடில் அந்நிலத்திற்கு நீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரையில் உழைத்தல் வேண்டும். ஆணுக்கு நாளொன்றுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா கூலி. மணவிழாவில் மேளம் கூடாது. மணமக்களுக்குப் பல்லக்கு வேண்டுமாயின் தம் வீட்டுக் கதவையே கழற்றிப் பல்லக்காகக் கொள்ளல் வேண்டும்.

குடையைத் தடுத்த கையே நிலத்தையும் தடுத்தது. பூவைப் பறித்த கையே பள்ளிக்கூடத்தையும் பறித்தது. பண்பாடு வேறு, பொருளியல் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். எட்டு என்பது வேலி. பதினொன்று என்பது வேலிக்குள் இருந்த விளைச்சல்.

தமிழ்ப்பற்றுடையோர் இவ்விடத்தில் ஓர் உண்மையை விழுங்காமல் ஏற்றல் வேண்டும். தமிழனைத் தாழ்த்தும் கருத்துகள் வடக்கினின்று வந்தன என்பதில் வரலாற்று உண்மை உண்டு. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த நால்வகை வருணமும், முற்பிறப்பின் வினையே இப்பிறப்பின் வறுமை என்னும் கணக்கும் இம்மண்ணில் ஆழ வேரூன்றின. ஆனால் 1930-இல் குடையைத் தடுத்தவன் தமிழன், தடுக்கப்பட்டவனும் தமிழன். அத்தடைகள் அயல்மொழியில் ஓதப்பட்டவை அல்ல. ஊர் மன்றத்தில் தமிழிலேயே கூறப்பட்டவை. உப்பு வரியை அறமன்று எனக் கண்ட ஆண்டிலேயே, குடைத்தடையை முறையெனக் கண்ட கண்களும் இம்மண்ணில் இருந்தன. அயலான் செய்த கொடுமை கண்ணுக்குத் தெரிந்தது. அண்டை வீட்டான் செய்த கொடுமை மரபாகத் தெரிந்தது.

முறைமன்றத்தின் கண்

இத்திரை கல்லாதார் கண்ணில் மட்டும் விழுவது என்று எண்ணுதலும் பிழை. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழைக் கடற்கரைப் பகுதியில் உள்ள கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டனர். 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவில், பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். நாகைக் கீழ்மன்றம் தண்டனை வழங்கிற்று. 1973-இல் உயர்முறைமன்றம் நிலக்கிழாரை விடுவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பெருநிலம் உடையோர் என்பதும், அவருள் ஒருவர் மகிழுந்தும் வைத்திருந்தவர் என்பதும் அத்தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டன. அத்தகையோர் பணியாளரை ஏவாமல் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்தனர் என்பதை நம்புதல் அரிது என்பது அதன் போக்கு.

இங்கே செல்வம் என்பது உடைமையாக மட்டும் காணப்படவில்லை. ஒழுக்கத்தின் சான்றாகவே காணப்பட்டது. மகிழுந்து வைத்திருப்பவன் நடந்து சென்று தீ வையான் என்பது சட்டநூலில் உள்ள நெறி அன்று; பண்பாடு கற்பித்த நம்பிக்கை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று தமிழர் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்ததன் பொருளை அத்தீர்ப்பு விளக்கிற்று. ஏழையின் சொல் அம்பலம் ஏறாமைக்குக் கரணியம் அச்சொல்லில் இல்லை. அம்பலத்தின் செவியில் உள்ளது.

ஒரு குறள், இரு நோக்கு

அவ்வாறாயின் தமிழ்ப் பண்பாடு முழுமையும் ஏற்றத்தாழ்வுக்கு ஏவல் செய்வதுதானோ எனின், அன்று என்க. ஒரே பண்பாட்டில் இரு நோக்குகளும் உள்ளன. எதனை எடுப்பது என்பதே வினா.

திருக்குறளின் 37-ஆம் பாடல் இதற்குக் கண்கூடான சான்று. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் அக்குறள் காட்டுகின்றது. அறத்தின் பயன் இதுவென்று நூல்களைக் கொண்டு உணர்த்த வேண்டா. சுமப்பவனையும் ஊர்பவனையும் கண்டே உணரலாம் என்பது பரிமேலழகர் உரையின் போக்கு. அவ்வுரையின்படி ஊர்பவன் முன்பு அறம் செய்தவன், சுமப்பவன் செய்யாதவன். ஆகவே தோள்மேல் இருக்கும் சுமை நேர்மையான சுமை என்று ஆகிவிடுகின்றது. பிற்கால உரையாளர் சிலரோ அதே குறளை வேறு வகையாகக் கண்டனர். சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையே நின்று, அறத்தின் வழி இதுதான் என்று கூறுதல் வேண்டா என்பது அவர் கொண்ட பொருள். குறள் ஒன்று, எழுத்தும் மாறவில்லை. 'வேண்டா' என்னும் ஒரு சொல்லை எங்குச் சேர்ப்பது என்பதில் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த தோள்களின் முறைமையே மாறிவிடுகின்றது. பண்பாடு காட்சியை எவ்வாறு ஆக்குகின்றது என்பதை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வீட்டுக் கதவையே பல்லக்காக்குமாறு பணிக்கப்பட்ட முகவை மாவட்டத்து மக்களிடம் கேட்டிருந்தால், எவ்வுரை பொருந்தும் என்பதை அவர் எளிதிற் கூறியிருப்பர்.

இரந்துதான் உயிர் வாழ வேண்டும் என்னும் நிலை ஒருவனுக்கு உண்டாயின், உலகைப் படைத்தவனே அலைந்து கெடுக என்று வெகுண்டவரும் வள்ளுவரே. வறுமையை இறைவன் விதித்தான் என்போர்க்கு, அவ்வாறு விதித்தவன் கெடுக என்பது அவர் மறுமொழி. வெண்கொற்றக் குடைக்கீழ் உலகாளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் துயிலாது விலங்கின்பின் திரியும் வேடனுக்கும் உண்ணும் அளவும் உடுக்கும் அளவும் ஒன்றே என்று நக்கீரர் புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் கூறினார். கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மகிபாலன்பட்டியே. பெரியோரை வியவாமையும் சிறியோரை அதனினும் இகழாமையும் அவர் வகுத்த நெறி. ஆற்றுநீரில் செல்லும் புணைபோல உயிர் ஊழின் வழிச் செல்லும் என்றும் அவர் அதே பாட்டில் கூறினார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஊழை ஒப்பிய அவர்கூட, அவ்வூழைக் கொண்டு ஒருவனை உயர்த்தவும் இல்லை. ஒருவனைத் தாழ்த்தவும் இல்லை. பிற்காலத்தார் அப்பாட்டின் புணையை வைத்துக்கொண்டு, இகழாமையை ஆற்றில் விட்டுவிட்டனர்.

கொடை பற்றியும் ஒரு சொல். வள்ளல்களைப் போற்றுவதில் தமிழர்க்கு ஈடு இல்லை. கொடை நன்று. ஆயினும் கொடுத்த கையைப் பாடும் ஆர்வத்தில், கொடுக்கப்பட்ட பொருள் எவர் உழைப்பில் விளைந்தது என்று கேட்கும் வழக்கம் மங்கிப்போயிற்று. உரியதை உரியவனுக்குக் கொடாமல் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சிறு பங்கைத் திருநாளில் வேட்டியும் சேலையுமாக வழங்குபவன் வள்ளலாகக் காட்சி தருகின்றான். பெற்றவன் கைகூப்புகின்றான். கூலி குறைந்த கணக்கு அக்கைகூப்பில் மறைந்துவிடுகின்றது.

சொல் சோறு ஆகுமா?

சொல்லை ஆராய்ந்து என்ன பயன், சொல்லை மாற்றினால் வயிறு நிறையுமா என்று வினவுவார் உளர். தக்க வினாவே. சொல் மட்டும் மாறினால் வயிறு நிறையாது. ஆனால் சொல் மாறாமல் வயிறு நிறைந்த வரலாறும் அரிது. உப்பு வரி 1947-இல் நீங்குவதற்கு முன், அஃது அரசனுக்குரிய இறை என்னும் பெயரை இழந்து, கொடுமை என்னும் பெயரைப் பெற வேண்டியிருந்தது. குறைந்த அளவு ஊதியத்திற்கென 1948-இல் ஒரு சட்டம் பிறப்பதற்கு முன், கூலி என்பது ஆண்டையின் விருப்பம் என்னும் எண்ணம் அசைய வேண்டியிருந்தது. சொல்லால் மாற்றம் வாராது என்று ஆதிக்கம் செய்தோர் எண்ணியிருப்பின், குடையையும் பூவையும் தடுக்க எட்டுக் கட்டளைகளை அவர் இயற்றியிருக்க மாட்டார்.

உப்பளத்தில் இன்றும் காட்சி முழுதும் மாறிவிடவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடைமழை தொடங்கியதும் பாத்திகளில் நீர் நிறையும், தொழில் நின்றுவிடும். மழை இல்லாத காலத்தில் வெயிலே கூரை. மழைக்காலத்தில் வேலையே இல்லை. அக்காலத்திற்கென 5,000 உருபா உதவித்தொகையை அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு வழங்கத் தொடங்கியது வரவேற்கத் தக்கது. ஆயினும் அதனைப் பற்றி ஊர் எவ்வாறு பேசுகின்றது என்பதைக் கேட்டல் வேண்டும். அரசு ஊழியன் ஒருவன் விடுமுறை நாளுக்கும் ஊதியம் பெற்றால் அஃது உரிமை. உப்பளத்தார் வேலையற்ற திங்கள்களுக்கு ஒரு தொகை பெற்றால் அஃது இலவயம். இருவர் கையிலும் விழுவது ஒரே அரசின் பணம். ஒன்றுக்கு உரிமை என்றும் மற்றொன்றுக்கு இலவயம் என்றும் பெயரிட்டது எது? கணக்குப் புத்தகம் அன்று, பண்பாடே.

ஆகவே செய்ய வேண்டுவன சில உள. 37-ஆம் குறளைக் கற்பிக்கும் தமிழாசிரியர் இரு உரைகளையும் மாணவர் முன் வைத்து, பல்லக்கைச் சுமந்தவன் இதனை எவ்வாறு கேட்டிருப்பான் என்று வினவுதல் வேண்டும். திருமறைக்காட்டு நடைப்பயணத்தைக் கற்பிக்கும் வரலாற்றாசிரியர், அதே ஆண்டின் எட்டுத் தடைகளையும் உடன் கற்பித்தல் வேண்டும். மேடையில் பேசுவோர் படியளப்போர் என்னும் சொல்லை விடுத்து, ஊதியம் கொடுக்கக் கடமைப்பட்டோர் என்று கூறப் பழகுதல் வேண்டும். உப்பளம் உடையோர் நிழற்குடிலையும் குடிநீரையும் காலணியையும் கண்ணாடியையும் கொடைப் பொருள்களாக அன்றி, தொழிலின் செலவுக் கணக்கில் எழுதுதல் வேண்டும். 1930-இல் குடையும் செருப்பும் தடுக்கப்பட்ட மாவட்டத்தில், உழைப்பவன் தலைக்கு நிழலும் காலுக்குக் காப்பும் கிடைத்தல் சிறு செய்தி அன்று. அஃது ஒரு பழங்கணக்கின் தீர்வு.

இவற்றுக்கெல்லாம் முன்னர், ஒவ்வொருவரும் தம் வாயினின்று நீக்க வேண்டிய சொல் ஒன்றுண்டு. வெயில் அவர்களுக்குப் பழகிப்போயிற்று என்பதே அது. வெயில் எவர்க்கும் பழகுவதில்லை. தோல் கறுக்கும், கண் மங்கும், கால் வெடிக்கும், அவற்றைப் பழக்கம் என்று அழைப்பவர் அவ்வுடம்புக்கு உரியவர் அல்லர்.

உப்பூர்ப் பிள்ளையார் வெயிலை உகந்தார் என்பது கதை. அவர் தெய்வம், தாமே விரும்பிக் கூரையை விலக்கினார் என்று கதை கூறலாம். கோயிலுக்கு அப்பால், உப்பளத்தில் நிற்கும் தாய் வெயிலை உகந்தாள் என்று அவள் ஒருபோதும் கூறியதில்லை. அவளிடம் எவரும் கேட்டதும் இல்லை. அவள் சார்பில் அதனைக் கூறியவர் யாவரும் நிழலில் இருந்தே கூறினர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் மரபு தமிழரிடம் மெய்யாகவே உண்டாயின், அடுத்த வேளைச் சோற்றில் உப்பு நாவிற் படும்போது நினைக்கத் தக்கவள் அவளே. நினைப்பதோடு நில்லாமல் அவளுக்கு உரியதைக் கொடுப்பதே செஞ்சோற்றுக்கடன்.